கொத்மலை வானொலி: நம் மலைக்குப் பக்கத்தில் ஒலித்த குரல்

 

ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி 13 உலக வானொலி தினம். 1946இல் ஐக்கிய நாடுகள் வானொலி தொடங்கப்பட்ட நாள் அது. யுனெஸ்கோ 2011இல் அதைப் பிரகடனம் செய்தது. அன்றைய காலைக்கூட்டத்தில் பிள்ளைகள் மார்க்கோனியைப் பற்றிப் பேசுவார்கள், பழைய இலங்கை வானொலியைப் பற்றிப் பேசுவார்கள். ஆனால் நம் நுவரெலியா மாவட்டத்திலேயே ஒரு சின்ன வானொலி நிலையம் 1989இல் தொடங்கியது, அதைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அதுதான் கொத்மலை சமூக வானொலி. அதன் கதையை இன்று எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

கொத்மலைக்குப் போகுமுன் கொழும்பிலிருந்து தொடங்க வேண்டும்.

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் ஆரம்பமானது. தந்தித் திணைக்களத்தில் பணியாற்றிய எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளரே அதற்கு மூலகாரணர். இங்கிலாந்தில் பி.பி.சி. தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் தமக்கென இங்கே பெரிய சிற்றலைப் பரப்பியை நிறுவின. போர் முடிந்ததும் அது இலங்கைக்குக் கிடைத்தது. 1949இல் 'ரேடியோ சிலோன்' பிறந்தது. 1950இல் வர்த்தக சேவை வந்தது. 1967 ஜனவரி 5 முதல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்.

சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பி வரும். அதனால் கடல் தாண்டியும் கேட்கும். 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்தபோது, இந்தியா முழுவதும் கொழும்புக்குக் காது கொடுத்தது. அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' அந்த ஆண்டுதான் தொடங்கியது. தமிழ்ச் சேவையைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் கேட்டன. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்ற பெயர்களைத் தெரியாத வீடு அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

நம் தோட்டங்களுக்கும் உலகத்தைக் கொண்டுவந்தது அந்த வானொலிதான். லயத்தில் ஒரு வீட்டில் ரேடியோ இருந்தால் பக்கத்துக் காம்பராக்களுக்கும் கேட்கும். விடிய முன் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் மணிக்கூடு. டவுன் கடைகளில் றமழான் மாதம் என்றால் முஸ்லிம் சேவையின் பாங்கு சத்தத்துக்காகப் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த தலைமுறை நம்முடையது.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் இடையே தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட ஒரு பாகை வித்தியாசம். ஒரு பாகைக்கு 4 நிமிடம். அதாவது கொழும்பில் சூரியன் மறைவதற்கு மூன்று, மூன்றரை நிமிடத்துக்கு முன்பே நம் பக்கம் மறைந்துவிடும். அதனால்தான் பள்ளிவாசல்களில் ஊருக்கு ஊர் வேறு நேரசூசி தொங்குகிறது. கொழும்பின் பாங்கு பிழையல்ல, அது கொழும்புக்குச் சரியான பாங்கு. வானொலி முழுவதற்குமே இது பொருந்தும். கொழும்பின் செய்தி, கொழும்பின் மழை, கொழும்பின் தேவை எல்லாம் நம் வீட்டுக்குள் வந்தன. நாவலப்பிட்டி ஆஸ்பத்திரியில் எந்த நாளில் என்ன கிளினிக், புசல்லாவைப் பாதையில் எங்கே மண் சரிந்தது என்று அங்கிருந்து யாரும் சொல்லவில்லை. நாம் கேட்கவும் வழியில்லை.

அந்த இடைவெளியில்தான் கொத்மலை வருகிறது.

1970களின் இறுதியில் துரித மகாவலித் திட்டம் தொடங்கியது. கொத்மலை ஓயாவை மறித்து 87 மீற்றர் உயர அணை எழும்பியது. சுவீடன் உதவி செய்தது. 1985இல் நீர்த்தேக்கம் இயங்கத் தொடங்கியது. இன்று அதன் நிலக்கீழ் மின்நிலையம் 201 மெகாவாற் மின்சாரம் தரக்கூடியது. அந்த மின்சாரத்துக்கு விலையாகப் பள்ளத்தாக்கின் வயல்கள், வீடுகள், விகாரைகள் தண்ணீருக்குள் போயின. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் வெளியே தெரிவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சுமார் 3,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பல குடும்பங்கள் உலர் வலயத்துக் குடியேற்றங்களுக்குப் போயின. சிலர் அருகிலேயே தேயிலைக் காணி பெற்றுத் தங்கினர்.

ஊரை இழந்தவர்களுக்கு வீடும் காணியும் கொடுத்தால் போதாது, அவர்கள் பேசிக்கொள்ளவும் ஓர் இடம் வேண்டும் என்று சிலர் யோசித்தார்கள். 1981இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ், யுனெஸ்கோவும் டென்மார்க்கின் டெனிடா நிறுவனமும் உதவ, மகாவலி சமூக வானொலி தொடங்கியது. அதன் வேலைமுறை அந்தக் காலத்துக்குப் புதுமையானது. தயாரிப்புக் குழு ஒரு கிராமத்துக்குப் போய்ச் சில நாட்கள் அங்கேயே தங்கும். மக்களோடு சாப்பிட்டு, பேசி, அவர்களின் பாட்டையும் முறைப்பாட்டையும் ஒலிநாடாவில் பதிந்து நிகழ்ச்சியாக்கும். விவசாயி ஒருவர் தன் குரலைத் தானே வானொலியில் கேட்டது அப்படித்தான்.

அதன் தொடர்ச்சியாக 1989இல், நீர்த்தேக்கத்துக்கு அருகே ஒரு குன்றின் மீது, கொத்மலை நிலையம் பிறந்தது. அது எப்படிப்பட்ட ஆண்டு என்பது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தெற்கில் கிளர்ச்சி, வடக்கில் போர், எங்கும் ஊரடங்கு. அப்படிப்பட்ட காலத்தில் கிழமைக்குச் சில நாட்கள், நாளுக்குச் சில மணித்தியாலங்கள் என்று தொடங்கிய நிலையம், பிறகு ஏழு நாளும் ஒலிபரப்பியது. கூட்டுத்தாபன ஊழியர் சிலரோடு ஊர் இளைஞர்கள் தொண்டர்களாக உழைத்தார்கள்.

அதன் எல்லை ஏறத்தாழ 20 கிலோமீற்றர். எப்.எம். அலை சிற்றலையைப் போல வானத்தில் பட்டுத் திரும்பாது. பெரும்பாலும் நேர்கோட்டில் போகும், மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். கம்பளை, நாவலப்பிட்டி நகரங்களுக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் கிடைத்த ஒலி, ஒரு மலைத்தொடருக்கு இந்தப் பக்கம் இருந்த தோட்டத்துக்குக் கிடைக்காமல் போனது அதனால்தான். டெல்லிக்குக் கேட்ட இலங்கை வானொலியையும், ஹட்டனுக்குச் சரியாகக் கேட்காத கொத்மலை வானொலியையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் அலைகளின் பாடம் பிள்ளைகளுக்கு இலகுவாக விளங்கும்.

கொத்மலையின் பெயர் உலகத்துக்குத் தெரியவந்தது 1998இல். இலங்கையில் பொதுமக்களுக்கு இணையம் வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கிராமத்தில் தொலைபேசியே அரிது, கணினி அதைவிட அரிது. யுனெஸ்கோவின் துணையோடு இந்தக் குன்றுக்கு இணைய இணைப்பு வந்தது. கம்பளை, நாவலப்பிட்டிப் பொது நூலகங்களிலும் மக்கள் இலவசமாக இணையத்தைப் பயன்படுத்த வசதி செய்தார்கள்.

அப்போது உருவானதுதான் வானொலி வழியாக இணையத்தில் தேடும் நிகழ்ச்சி. நேயர் தன் கேள்வியைக் கடிதத்தில் எழுதுவார், அல்லது தொலைபேசியில் சொல்வார். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி எடுப்பார். நோய் பற்றிய கேள்வி என்றால் வைத்தியர் ஒருவரும், சட்டம் என்றால் அது தெரிந்தவரும் பக்கத்தில் இருந்து, ஆங்கிலத்தில் கிடைத்ததை ஊர்மொழியில் விளக்குவார்கள். ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் ஆயிரம் வீட்டுக்குப் போகும். கணினியைத் தொட்டே பார்க்காத ஒரு தாய், தன் பிள்ளையின் நோயைப் பற்றி உலகம் என்ன சொல்கிறது என்று கேட்க முடிந்தது. இன்று கையிலுள்ள போன் பதில் தருகிறது, உண்மைதான். அந்தப் பதில் சரியா, நமக்குப் பொருந்துமா என்று பக்கத்தில் இருந்து சொல்ல யாரும் இல்லை.

இந்த முறையைப் பல நாடுகள் பின்பற்றின. யுனெஸ்கோ 2001இல் தொடங்கிய சமூகப் பல்லூடக நிலையத் திட்டத்துக்குக் கொத்மலையே முன்மாதிரி. பிறகு கொத்மலைக்காரர்கள் ஒரு முச்சக்கரவண்டியில் கணினியும் இணையமும் ஒலிபெருக்கியும் பூட்டி, நிலையத்துக்கு வர முடியாத ஊர்களுக்கே போனார்கள். ஓட்டோவை வைத்து நம் நாட்டவர் செய்த நல்ல வேலைகளில் இதுவும் ஒன்று.

இனி நம் பங்கு. இதைப் பேசாமல் விட்டால் வரலாறு பாதிதான்.

கொத்மலை, புசல்லாவை, இறம்பொடை, நாவலப்பிட்டி எல்லாம் தோட்டங்கள் சூழ்ந்த இடங்கள். கம்பளையும் நாவலப்பிட்டியும் முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஊர்கள். ஆனால் நிலையத்தின் முதன்மை மொழி சிங்களமாகவே இருந்தது. தமிழுக்குக் கிடைத்த நேரம் குறைவு. அணையால் இடம்பெயர்ந்த கிராமங்களை மனதில் வைத்துத் தொடங்கிய நிலையம் என்பது அதற்கு ஒரு காரணம். லயத்தில் இருப்பவர்கள் மாலையில் மலை ஏறி நிலையத்துக்குப் போய்த் தொண்டராக உட்கார முடியாதது இன்னொரு காரணம். காலை முதல் கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற பெண்ணுக்கு அந்த நேரம் எங்கே இருக்கிறது? 1990களின் இறுதியில் சூரியன், சக்தி போன்ற தனியார் தமிழ் எப்.எம். சேவைகள் வந்தபோது நம் மக்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மொழி நம்முடையதாக இருந்தது. ஆனால் குரல் மறுபடியும் கொழும்பிலிருந்து வந்தது.

இது வெறும் பொழுதுபோக்குப் பிரச்சினையா? 2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போவதற்கு வேறு காணியும் வீடும் இல்லாதவர்களை ஒரு வானொலி மட்டும் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்த டிவிசனுக்கு மேலே மண் வெடித்திருக்கிறது, இன்றிரவு எந்தப் பாடசாலையில் தங்கலாம் என்பதைத் தமிழில், பெயர் சொல்லி, அந்த மணித்தியாலத்திலேயே சொல்லப் பக்கத்தில் ஒரு குரல் வேண்டும். 'மத்திய மலைநாட்டின் சில பகுதிகளில்' என்று வரும் செய்தி யாரையும் படுக்கையிலிருந்து எழுப்பாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று நம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலைவரிசைகள் பொதுச்சொத்து, அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசாங்கத்தின் பிடியில் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதே 1997இல் நேபாளத்தில் சாகர்மாதா வானொலி சுயாதீன சமூக வானொலியாக ஒலித்தது. 2004இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எப்.எம். வந்தது. 2008இல் தெலுங்கானாப் பகுதியில் தலித் பெண்களே நடத்தும் சங்கம் வானொலி வந்தது. சாதியாலும் வறுமையாலும் ஒதுக்கப்பட்ட விவசாயப் பெண்கள் ஒலிவாங்கியைத் தம் கையில் எடுத்தார்கள். கொத்மலை அவர்கள் எல்லோருக்கும் மூத்தது. ஆனால் அது கூட்டுத்தாபனத்தின் பிள்ளையாகவே வளர்ந்தது. எதைப் பேசலாம், எந்த மொழிக்கு எவ்வளவு நேரம் என்ற முடிவு ஊராரின் கைக்கு முழுமையாக வரவில்லை. இதில் அங்கே உழைத்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்த கட்டுக்குள் அவர்கள் செய்தது பெரிது.

எங்களுக்கு இப்போது உள்ள கவலை வேறு. கொத்மலையைப் பற்றி வெளிநாட்டு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். 2002இல் அந்த நிலையத்தை வைத்தே ஓர் இனவரைவியல் ஆய்வு நடந்தது. ஆனால் நம் ஆட்கள் அனுப்பிய கடிதம், நம் பிள்ளைகள் பாடிய பாட்டு, தமிழ் நிகழ்ச்சி செய்த தொண்டர்களின் அனுபவம், இவற்றைத் தமிழில் யார் எழுதி வைத்தார்கள்? ஒலிநாடா நம் மலைக் காலநிலையில் பூஞ்சணம் பிடித்துவிடும். மனிதர்களின் ஞாபகமும் நெடுநாள் நிற்காது.

ஆகவே இதை வாசிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கசட் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். கொத்மலை வானொலிக்குக் கடிதம் போட்டவர், அங்கே குரல் கொடுத்தவர், நூலகத்தில் முதன்முதலாக இணையத்தைப் பார்த்தவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், ஒரு மாலை நேரம் பக்கத்தில் உட்கார்ந்து போனில் அவர் பேச்சைப் பதியுங்கள். பெயர், ஊர், தோட்டம், ஆண்டு நான்கையும் தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். மாணவர்களுக்கு இது நல்லதொரு வரலாற்றுச் செயற்றிட்டம். பதிந்ததைப் பாடசாலைக்குக் கொண்டுவந்து தந்தால் எழுத்தில் ஏற்றி நூலகத்தில் வைக்க நாம் தயார்.

நாளைக்கு யாராவது மலையகத்துக்கென்று, தமிழில், நம் ஊரிலேயே ஒரு வானொலி தொடங்க முன்வரக்கூடும். இதற்கு முன் இங்கே என்ன நடந்தது, எது நன்றாக நடந்தது, யார் விடுபட்டார்கள் என்று அவர்கள் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.