மெழுகுவர்த்தி கற்பித்த மூச்சுப் பாடம்

"சுவாசம் என்றால் என்ன?" என்று ஆசிரியர் கேட்டால், "பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுதல்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவீர்கள். ஆனால் அதைக் கண்ணால் கண்டதுண்டா?

இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825-இல் தொடங்கின. புத்தகம் கட்டும் தொழில் பழகிப் பின்னர் விஞ்ஞானியான மைக்கேல் ஃபாரடே, 1860-61 குளிர்காலத்தில் அங்கு ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஒரு சாதாரண மெழுகுவர்த்தியே பாடப்பொருள். எதைக் கண்டாலும் "இதற்குக் காரணம் என்ன?" என்று கேட்கும்படி சிறுவர்களைத் தூண்டினார்.

மெழுகுவர்த்தி எரிவதால் உண்டாகும் வாயு, சுண்ணாம்புத் தெளிநீரைப் பால்போல் ஆக்குவதை முதலில் காட்டினார். இறுதிச் சொற்பொழிவில், வெளிக்காற்றை அந்நீரின் வழியே வாயால் இழுத்தார். நீர் தெளிவாகவே இருந்தது. பிறகு தம் மூச்சை அதனுள் ஊதினார், நீர் வெளுத்தது!

அப்படியானால் நம் உடலுக்குள்ளும் ஏதோ எரிகிறதா? ஆம். உணவிலுள்ள கரி பிராணவாயுவுடன் கூடுகிறது. சுடரின்றி வெப்பம் பிறக்கிறது. சுவாசம் ஒருவகை மெதுவான எரிதல் என்று பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியே 1780-களிலேயே விளக்கியிருந்தார்.

நீங்களும் செய்து பாருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளியவைத்து, மேல்நீரை இரு குவளைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் சைக்கிள் பம்பினால் காற்றைச் செலுத்துங்கள். மற்றதில் குழல்வழியே மெல்ல ஊதுங்கள். உறிஞ்சாதீர்கள், கண்ணில் தெறிக்கவும் விடாதீர்கள். எது முதலில் வெளுக்கிறது? ஏன்?

விடையை நோட்டில் எழுதிய பின்னர் பாடநூலைத் திறவுங்கள். அதிலுள்ள வரையறை அப்போது மனப்பாடமாக இராது. நீங்களே கண்ட உண்மையாக இருக்கும்.