சார்னோக்கைட்: கல்லறை தந்த பெயர்

பல்லாவரத்துக் கருங்கல்லைப் புவியியலாளர்கள் சார்னோக்கைட் என்கிறார்கள். கல் சென்னையைச் சேர்ந்தது. பெயரோ கொல்கத்தாவில் அடக்கமான ஓர் ஆங்கிலேயருடையது.

அவர் ஜாப் சார்னோக், கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள முகவர். சில காலம் சென்னைக் கோட்டையில் தங்கிவிட்டு, 1690 ஆகஸ்ட் 24 அன்று ஹூக்ளிக் கரையில் சுதானுட்டி என்னும் ஊரில் வந்திறங்கினார். அவ்வூரும் அண்டை ஊர்களும் சேர்ந்துதான் பின்னாளில் கல்கத்தா ஆயின. 1693 ஜனவரியில் இறந்த அவருக்கு மருமகன் சார்லஸ் ஐயர் எழுப்பிய கல்லறை மாடம், செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இன்றும் இருக்கிறது. உள்ளே எழுத்துப் பொறித்த கரும்பலகைக் கல் ஒன்று. கங்கை வண்டல் படிந்த அந்த நிலத்தில் அப்படி ஒரு பாறை கிடையாது.

இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893-இல், அந்தக் கல்லை ஆராய்ந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து. பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையும் அதுவும் ஒன்றே என்று கண்டார். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் சேர்ந்த புதுவகைப் பாறை அது. தாம் அறியாமலேயே அதன் மாதிரியை வங்காளத்துக்கு வரவழைத்த சார்னோக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஓர் ஊழியரின் சமாதிக் கல்லை இத்தனை அக்கறையோடு படித்த ஹாலந்தின் கூர்மையை எத்தனை பாராட்டினாலும் தகும்.

1900-இல் அவர் அந்தப் பெயரை விரித்தார். நீலகிரி, சேர்வராயன் மலைப் பாறைகளையும் சேர்த்து, சிலிக்கா மிகுந்தது முதல் மிகக் குறைந்தது வரை நான்கு பிரிவாக்கி, சார்னோக்கைட் வரிசை என்றார். எல்லாமே பாறைக்குழம்பு ஆறி உறைந்த தீப்பாறைகள் என்பது அவர் முடிவு.

பிறகுதான் வழக்கு தொடங்கியது. சாதாரண கிரானைட்டில் இருக்கும் பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்கள் தம் படிகத்துக்குள்ளேயே நீரை வைத்திருப்பவை. ஹைப்பர்ஸ்தீனில் நீர் இல்லை. அப்படியானால் இந்தக் கல் நீர் வற்றிய, கடும் வெப்பமான ஆழத்தில் பிறந்திருக்க வேண்டும். குழம்பிலிருந்து நேரே உறைந்ததா, முன்பே இருந்த பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியதா? 1960-இல் சி. எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் வெளிறிய நைஸ் பாறைக்குள் சார்னோக்கைட் கருந்திட்டுகளாக உருவாகியிருப்பதை எடுத்துக்காட்டினார். உருமாற்றக் கட்சிக்கு அதைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை. கரியமில வாயு மிகுந்த பாய்மம் ஊடுருவி நீரை விரட்டியது என்ற விளக்கமும் பின்னர் வந்தது. இரண்டு வழியிலும் இக்கல் உருவாகலாம் என்பதே இன்றைய பொதுக் கருத்து.

ஹாலந்து இதற்குப் பிறப்பைச் சொல்லும் பெயர் வைத்திருந்தால் அது அப்போதே உதிர்ந்திருக்கும். ஆள்பெயர் என்பதால் எந்தக் கட்சிக்கும் இடைஞ்சலாகவில்லை. தீப்பாறைகளின் சர்வதேச வகைப்பாட்டில் ஹைப்பர்ஸ்தீன் கிரானைட்டின் பெயராக அது இடம்பெற்றது. 1988-இல் கனிமவியலாளர்கள் ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயரையே கைவிட்டு, ஆர்த்தோபைராக்சீன் குடும்பத்தை வேறு பெயர்களால் பிரித்தார்கள். இலக்கணத்தில் இருந்த சொல் போய்விட்டது, சார்னோக்கைட் நிற்கிறது.

பல்லாவரத்திலோ கல்லுடைப்பவர்களுக்கு அது என்றும் கருங்கல்தான், உடைத்தால் ஜல்லி.