பேராக் சட்டமன்றக் கூட்டத்தொடர்

மலேசியாவின் பேராக் மாநிலச் சட்டமன்றம், 59 உறுப்பினர்களுடன் ஈப்போவிலுள்ள பேராக் டாருல் ரிட்சுவான் கட்டடத்தில் கூடும் அவையாகும். ஆண்டு முழுவதும் கூடாமல், வரவுசெலவுத் திட்டத்தையும் மசோதாக்களையும் விவாதிக்க ஆண்டில் சில முறை, ஒவ்வொரு முறையும் சில நாள்கள் மட்டும் கூடுவதே அதன் வழக்கம்.

சட்ட வரம்பு: அவையைக் கூட்டும் அதிகாரம் சுல்தானுக்கு உரியது. ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த தொடரின் முதல் அமர்வுக்கும் இடையே ஆறு மாதம் கழிய விடக்கூடாது என்று அரசமைப்பு விதிக்கிறது. இவ்விதி இடைவெளிக்கு உச்சவரம்பு கட்டுகிறதேயன்றி, அவை எத்தனை நாள் கூட வேண்டும் என்று கூறுவதில்லை. இந்தியாவிலும் மாநிலச் சட்டமன்றங்களுக்கு ஆறு மாத வரம்பே உள்ளது.

2009 நெருக்கடி: 2008 தேர்தலில் 31 இடங்களுடன் ஆட்சியமைத்த பக்காத்தான் ராக்யாட் கூட்டணி, 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்கள் விலகியதால் பெரும்பான்மையை இழந்தது; அவையைக் கலைக்கச் சுல்தான் இசையாததால், மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) நிசார் ஜமாலுடினுக்குப் பதில் எதிரணியான தேசிய முன்னணியின் சம்ரி அப்துல் காதிர் நியமிக்கப்பட்டார். மார்ச் 3 அன்று கட்டட வாயில் அடைக்கப்பட்டிருந்த நிலையில், சபாநாயகர் வ. சிவகுமாரின் தலைமையில் பக்காத்தான் உறுப்பினர்கள் அருகிலிருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் கூடி, நிசாரை ஆதரித்துத் தீர்மானம் இயற்றினர். அதற்கு முந்தைய முறையான அமர்வு 2008 நவம்பர் 13 அன்று முடிந்திருந்ததால், ஆறு மாதக் கெடு நெருங்கிய வேளையில், மே 7 அன்று அவை கூட்டப்பட்டது. அமளிக்கிடையே சிவகுமார் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட, ஆர். கணேசன் சபாநாயகர் இருக்கையில் அமர்ந்தார். சம்ரியின் நியமனம் செல்லும் எனக் கூட்டரசு நீதிமன்றம் 2010 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

இதற்கு மாறாக, 2020 டிசம்பர் 4 அன்று மந்திரி பெசார் பைசால் அசுமு நம்பிக்கை வாக்கெடுப்பில் 10க்கு 48 என்ற கணக்கில் தோற்றுப் பதவி இழந்ததோ, அவை கூடியிருந்த வேளையில் அதன் வாக்காலேயே நிகழ்ந்தது.

அமர்வு நாள்கள் பற்றிய விவாதம்: மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே ஒரு ரப்பர்த் தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்பு நிலமாக மாறும்போது, விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும் அனுமதியை மாநில அரசே வழங்குகிறது. தோட்டத்து லயன் வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் நிலை அதைப் பொறுத்தது. அத்தகைய முடிவுகள் மாநில ஆட்சிக்குழுவில் ஆண்டு முழுவதும் எடுக்கப்பட, உறுப்பினர் அவையில் கேள்வி எழுப்ப அடுத்த தொடர் வரை காத்திருக்க நேர்கிறது என்பதே அமர்வு நாள்களை அதிகரிக்கக் கோருவோரின் வாதம். செலவு பெருகும், உறுப்பினர்கள் தொகுதியில் மக்களைச் சந்திக்கும் நேரம் குறையும், மாநிலங்களின் சட்டமியற்றும் எல்லையும் குறுகியது என்பது மறுப்போர் வாதம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் அவை முழுநேரமாக இயங்க, டெக்சாஸ் அவையின் வழக்கமான தொடரோ ஈராண்டுக்கு ஒருமுறை 140 நாளுக்குள் முடிகிறது. தொடர்களுக்கு இடையிலும் அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும் நிலைக்குழுக்களையும், ஆண்டுக்குக் குறைந்தபட்ச அமர்வு நாள்களையும் சட்டமாக்குவது இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட வழியாகும்.