அம்புலாரே: உலாவிய சொல் ஊர்தியான கதை

'அம்புலாரே' என்பது நடத்தலைக் குறிக்கும் லத்தீன் வினைச்சொல். போய்ச் சேர்வதைவிட உலாவுவதையே அது முதலில் உணர்த்தியது. 'அம்ப்' என்ற முன்னொட்டுக்குச் 'சுற்றிலும்' என்று பொருள். எஞ்சிய பகுதி அலைதலைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது என்பது மொழிநூலார் பலரின் முடிவு. அலைந்து திரிவதைக் குறிக்கும் கிரேக்க 'அலாஓமை' இதற்கு உறவு. தமிழின் 'அலை'யையும் இங்கே சேர்க்கத் தோன்றும். ஆனால் ஒலியொப்புமை மட்டும் சொல்லுறவுக்குச் சான்றாகாது.

ரோமானியச் செல்வர் மாளிகைகளில் உலாவுவதற்கென்றே கட்டிய தூண் நடைக்கு 'அம்புலாதியோ' என்று பெயர். கயிற்றின்மேல் நடக்கும் கூத்தாடி 'ஃபூனாம்புலுஸ்'. கி.மு. 165இல் டெரன்ஸின் 'மாமியார்' நாடகம் முதன்முறை மேடையேறியபோது, மக்கள் கவனம் இத்தகைய கயிற்று நடைக்காரன்மேல் போனதால் நாடகம் எடுபடவில்லை.

லத்தீனில் 'போ' என்பதற்குரிய பழைய வினை 'ஈரே'. அதன் வடிவங்கள் மிகக் குறுகியவை. பேச்சில் தேய்ந்து போயின. அந்த இடத்தை வேறு வினைகள் நிரப்பின. ருமேனிய மொழியின் 'உம்ப்லா' அம்புலாரேயின் நேர் வாரிசு. பிரெஞ்சின் 'அலே'யும் இதன் திரிபே என்பர். ஒலிமாற்றம் முழுதும் விளங்காததால் விவாதம் ஓயவில்லை. அம்மொழியில் போகிறேன் என்பதற்கு 'வே', போகிறோம் என்பதற்கு 'அலோன்', போவேன் என்பதற்கு 'இரே'. ஒரே வினைக்குள் வெவ்வேறு வேர்கள் கூடி வாழ்வது மொழி வரலாற்றின் அரிய காட்சி.

பிரெஞ்சுப் படையோடு இடம் மாறிய மருத்துவமனைக்கு 'நடக்கும் மருத்துவமனை' என்று பெயர். அம்புலாரே வழிவந்த அதன் அடைமொழியிலிருந்தே 'ஆம்புலன்ஸ்' பிறந்தது. அம்மருத்துவமனை போர்முனைக்கு வெகு பின்னால் நிற்கும். காயம்பட்டவர் சண்டை ஓயும்வரை களத்திலேயே கிடக்க, பலர் உயிர் பிரிந்தது. இக்கொடுமையைக் கண்ட அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே, 1792 முதல் ரைன் படையில் பணியாற்றியபோது, குதிரை பூட்டிய இலகுவான வண்டிகளைக் களத்துக்கே அனுப்பும் முறையை வகுத்தார். அவற்றுக்குப் 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்று பெயர். பின்னர் நெப்போலியனின் படைகளிலும் அவர் அதை நடத்தினார். பல உயிர்களைக் காத்த ஏற்பாடு அது.

ஆங்கிலத்திலும் முதலில் களமருத்துவமனையைக் குறித்த சொல், 1853–56 கிரிமியப் போர்க்காலத்தில் வண்டியைக் குறிக்கலாயிற்று. தமிழுக்கு வந்து வேரூன்றியது இந்த வண்டிப் பொருளே. படைவழக்கில் மட்டும் பழைய பொருள் மறையவில்லை. கொரியப் போருக்கு 1950இல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் இந்தியா அனுப்பிய '60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ்' ஊர்தியன்று. மருத்துவர்களும் உதவியாளர்களும் அடங்கிய ஒரு முழுப் படைப்பிரிவு.