எடைக்கருவி அறியாத கொழுப்பு: ஓர் எண்ணின் வரலாறு

தில்லியில் நான் தங்கியிருக்கும் வளாகத்தின் திடலில் விடியுமுன்பே இளைஞர்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றனர். மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகின்றவர்கள் அவர்கள். ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடங்களிலும், பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடங்களிலும் ஓடி முடிக்க வேண்டும். உயரத்திற்கும் வயதிற்கும் ஏற்ற எடை உண்டா என்னும் மருத்துவச் சோதனையும் உண்டு. அச்சோதனை நெருங்குகையில் சிலர் இரவுணவை அறவே விட்டுவிடுகின்றனர். கேட்டால், கொழுப்பைக் குறைப்பதாகச் சொல்கின்றனர். அவர்கள் இழப்பது கொழுப்பைத்தானா என்னும் ஐயமே இக்கட்டுரையின் தோற்றுவாய்.

கிலோகிராமில் எடை, அதனை மீட்டரில் உயரத்தின் இருமடியால் வகுத்த ஈவு: இதுவே இன்று உடல் நிறை குறியெண், அதாவது பி.எம்.ஐ., என்று வழங்குகிறது. இக்கணக்கை முதலில் முன்வைத்தவர் மருத்துவர் அல்லர். பெல்ஜியம் நாட்டு வானியலாளரும் புள்ளியியலாளருமான அடோல்ஃப் கெத்தலே. மக்கள்திரளின் அளவுகளைத் தொகுத்துச் 'சராசரி மனிதன்' ஒருவனை வரையறுக்க முயன்ற அவர், வளர்ந்தோரின் எடை உயரத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதைத் தம் 1835ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்தார். தனியொருவர் பருத்தவரா மெலிந்தவரா என்பது அவருடைய வினாவே அன்று.

எடை வேறு, கொழுப்பு வேறு என்பதை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியது ஒரு படைத்துறை ஆய்வு. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கியும் அவருடன் பணியாற்றியவரும் 25 தொழில்முறைக் கால்பந்து வீரர்களை நீருக்குள் எடையிட்டு, உடலின் அடர்த்தியைக் கணித்தனர். கொழுப்பு நீரினும் இலேசானது. தசையும் எலும்பும் நீரினும் அடர்ந்தவை. அக்காலத்து உயர-எடை அட்டவணைப்படி அவர்களுள் 17 பேர் படைப்பணிக்குத் தகுதியற்றவர்கள். அடர்த்திக் கணக்கோ, மிகுந்திருந்த எடை பெரும்பாலும் தசையே என்று காட்டியது. இம்முடிவுகள் 1942இல் வெளிவந்தன. ஆயினும் நீர்த்தொட்டியைக் காட்டிலும் அட்டவணையே அலுவலகங்களுக்கு எளிதாயிருந்தது, அட்டவணையே நிலைத்தது.

'உடல் நிறை குறியெண்' என்னும் பெயரை நிலைநாட்டியவர் ஏன்செல் கீஸ். 1972இல் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைக் கொண்டு, குழுக்களை ஒப்பிடுவதற்கு எளிய அளவைகளுள் இதுவே ஏற்றது என்று அவர் காட்டினார். அந்தத் தரவில் பெண்கள் இடம்பெறவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இதே கீஸ்தான் இரண்டாம் உலகப்போரின் இறுதிக் காலத்தில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற பட்டினிச் சோதனையை நடத்தியவர். நலமிக்க 36 இளைஞர்களின் உணவு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. வாரந்தோறும் 35 கிலோமீட்டர் நடையும் விதிக்கப்பட்டது. 24 வாரங்களில் அவர்கள் தம் எடையில் கால் பங்கை இழந்தனர். கொழுப்போடு தசையும் கரைந்தது, வலிமை வீழ்ந்தது, எந்நேரமும் உணவைப் பற்றிய நினைவே மனத்தை ஆட்கொண்டது. எடைக்கருவியின்படி அது வெற்றி. உடற்றகுதியின்படி அது சிதைவு. இரவுணவை விட்டுவிட்டு ஓடும் நம் இளைஞர்கள் அறிய வேண்டிய வரலாறு இது.

இந்திய உடலுக்கு இவ்வளவுகோல் இன்னும் பொருந்தாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும், இலண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் 2004இல் லான்செட் இதழில் தம் ஒளிப்படத்தையே சான்றாக வெளியிட்டனர். இருவருக்கும் குறியெண் 22.3. யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலிலோ 21.2 விழுக்காடு. புனேக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்ட யாக்னிக் குழுவினர், நம் குழந்தைகள் எடையும் தசையும் மிகக் குறைந்து பிறந்தாலும், தோலடிக் கொழுப்பு அந்த அளவிற்குக் குறைவதில்லை என்று கண்டனர். ஆகவே கொழுப்பு என்பது சோம்பலின் தண்டனை மட்டும் அன்று. தாயின் ஊட்டத்தோடும் தலைமுறைகளின் வறுமையோடும் பிணைந்த செய்தி.

இவ்வளவு தெரிந்த பின்னரும் எண்ணின் அதிகாரம் குறையவில்லை. விமானப் பணியாளர்க்கு உரிய 2014ஆம் ஆண்டின் இந்திய விதிகளில், ஆண்களுக்கு 30 முதலும் பெண்களுக்கு 27 முதலும் உடற்பருமன் என வகுக்கப்பட்டது. ஒரே குறியெண்ணில் பெண்ணுடலில் கொழுப்பு மிகுந்திருப்பது இயற்கை. அவ்வியற்கையையே குறையாக்கி, பெண்ணுக்கு மட்டும் வரம்பைத் தாழ்த்தியது உடல்நலக் கவலையா, தோற்றம் பற்றிய எதிர்பார்ப்பா? 2023இல் அசாம் காவல்துறை தன் பணியாளர் அனைவரின் குறியெண்ணையும் அளக்க முடிவு செய்து, 30ஐக் கடந்தவர்க்கு மூன்று மாதத் தவணையும், அதன்பின் விருப்ப ஓய்வு வாய்ப்பும் அறிவித்தது. தைராய்டுக் குறைபாடு போன்ற நோயுள்ளோர்க்கு விலக்கு உண்டு. தசை மிகுந்தவரைப் பிரித்தறியும் வழி அந்த எண்ணுக்குள் இல்லை. 30க்குக் கீழே நின்று, வயிற்றில் கொழுப்பைச் சுமப்பவரோ தடையின்றித் தேறிவிடுகிறார்.

காவலரும் படைவீரரும் உடற்றகுதி பேணவேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. அளக்கும் கருவி, அளக்க விரும்பும் பொருளை அளக்கவேண்டும் என்பதே என் வாதம். இந்திய மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட ஒருமித்த வழிகாட்டலில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என இடுப்புச் சுற்றளவின் வரம்பை வகுத்துள்ளனர். ஓர் அளவு நாடா போதும். 2025இல் லான்செட் ஆணையமும், குறியெண் ஒன்றை மட்டும் கொண்டு தனியொருவர்க்கு உடற்பருமன் என முடிவு செய்யலாகாது என்று பரிந்துரைத்தது. போதிய புரதமும், தசைக்கு வேலை தரும் பளுப்பயிற்சியும், பல மாதங்களுக்கு நீளும் மிதமான உணவுக் குறைப்பும் சேர்ந்தாலே தசையைக் காத்துக் கொழுப்பைக் குறைக்க இயலும். மூன்று மாதத் தவணையும், தேர்வுக்கு முந்தைய பட்டினியும் அதற்கு எதிரானவை.

காலனிய ஆட்சியின் படைச்சேர்ப்புக் கையேடுகள் முதல் இன்றைய தேர்வு அறிவிக்கைகள் வரை, மார்பளவும் உயரமும் எடையும் எவ்வாறு தகுதியின் மொழியாயின என்பது தமிழில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டிய வரலாறு. ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இதனைக் கருதிப் பார்க்கலாம்.