மரபு மரத்தில் காய்த்ததல்ல

தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்குப் பெயர் மரபியல். கல்லூரியில் நடத்தும் ஜெனிடிக்ஸ் பாடத்துக்கும் தமிழில் மரபியல் என்றே பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த யாரோ ஒருவர், மெண்டலுக்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் மரபணுவைக் கண்டுவிட்டான் என்று மேடையில் முழங்கினார். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. கூடவே ஒரு சொற்பிறப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. மரம் கிளை விடுவதுபோல் குடும்பமும் கிளை விடுவதால் மரத்திலிருந்து மரபு பிறந்ததாம்.

முழங்குவதற்கு முன் அந்த இயலை ஒருமுறை புரட்டியிருக்கலாம். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர் ஒன்பதில் அது தொடங்குகிறது. பிறகு ஏறு, களிறு, சேவல், கடுவன் முதலிய ஆண்பாற் பெயர்கள். பேடை, பிடி, மந்தி, நாகு முதலிய பெண்பாற் பெயர்கள். எந்தக் குட்டி யார் சாயலில் பிறக்கும் என்று ஆசிரியர் ஓரிடத்திலும் பேசவில்லை. எதன் குட்டியை எந்தப் பெயரால் சொல்வது என்பதே அவர் கவலை. ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்கியதும், புறத்தே வயிரம் உள்ள பனை வகையைப் புல் என்றும் அகத்தே வயிரம் உள்ளதை மரம் என்றும் பிரித்ததும் கூர்மையான உயிரியல் பார்வைதான். இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைப் பிரிவுக்கு அது பெரிதும் நெருங்கி வரும். ஆனால் அதே இயலில் அரசனுக்குரிய கொடியும் குடையும் முரசும் வருகின்றன, நூலின் வகைகளும் வருகின்றன. இவற்றுக்கும் மரபணுவுக்கும் என்ன தொடர்பு? நூன்மரபு, மொழிமரபு, தொகைமரபு, விளிமரபு என்ற இயல்களை அந்த மேடைப் பேச்சாளர் எங்கே கொண்டுபோய் வைப்பார்?

உரையாசிரியர்கள் மரபு என்பதற்கு முறைமை, வழக்கு என்றே பொருள் கொள்கிறார்கள். சிங்கக்குட்டி என்று எழுதினால் மரபுப்பிழை என்று தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழிப்பதும் அந்தப் பொருளில்தான்.

இனி மரம். குடும்பத்தை மரமாக வரைந்து பார்ப்பது ஐரோப்பாவிலிருந்து வந்த வழக்கம். தமிழர் அதைக் கொடிவழி என்றார்கள். கால்வழி, கான்முளை, வழித்தோன்றல், எச்சம் என்று சந்ததிக்குச் சொற்கள் நிறைய உண்டு. எதிலும் மரம் இல்லை. (எச்சம் சுவையான சொல். தகுதியுடையவர் யார், இல்லாதவர் யார் என்பதை எச்சத்தால் அறியலாம் என்னும் குறளில் பரிமேலழகர் அதை நன்மக்கள் என்று கொண்டார். விட்டுச் சென்ற புகழ் என்பாரும் உண்டு. பிள்ளையின் குணத்துக்குத் தகப்பனைப் பிடிப்பது எவ்வளவு நியாயம் என்று பரிமேலழகரைக் கேட்க ஆளில்லை.) சுற்றத்தைக் கிளை என்கிறோமே என்று மறுப்பவர் கேட்பார். கிளை பக்கவாட்டில் பரவும் உறவு; தலைமுறை தலைமுறையாக இறங்கும் உறவுக்குத் தமிழ் பிடித்த சொல் வழி. தாய்வழி, தந்தைவழி என்கிறோம். தாய்க்கிளை என்று யாரும் சொல்வதில்லை.

மரபின் வேர் மருவு. கலத்தல், பழகுதல், தழுவுதல் என்பன அதன் பொருள்கள். பழகிப் பழகித் திரிந்து நிலைத்த சொல்லை இலக்கணம் மரூஉ என்றது. அளவு அளபாகவும் உருவு உருபாகவும் நிற்கும் மொழியில் வகரமும் பகரமும் இடம் மாறுவது புதிதல்ல. உறவுச் சொற்களிலும் இதே வேர் ஓடுகிறது. கலந்த உறவால் வந்த பிள்ளை மருமகன், மருமகள். 'மறு மகள்', அதாவது இன்னொரு மகள், என்று திருமண மேடையில் வாழ்த்துவோர் றகரத்துக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாட்டையாவது பார்க்க வேண்டும். புறநானூற்று 37-ஆம் பாட்டில் மாறோக்கத்து நப்பசலையார் கிள்ளிவளவனைச் செம்பியனின் மருகன் என்று விளிக்கிறார். அங்கே மருகன் அக்காள் மகனல்ல, வழித்தோன்றல். நாஞ்சில் நாட்டில் சொத்து தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போனது. அந்த முறையைக் கவிமணி 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் கிழித்தெறிந்தார். ஆக, வழிவழியாக வருவது என்ற பொருளை மரு என்ற வேர் நெடுங்காலமாகச் சுமந்திருக்கிறது.

ஜீன் என்ற சொல்லையும் விட்டுவைக்கவில்லை. 'ஈன்' என்ற தமிழ் வேரிலிருந்து அதை இழுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். டார்வினின் பாஞ்ஜெனிசிஸ் கருத்தை எடுத்து டி வ்ரீஸ் 1889-இல் 'பாஞ்ஜீன்' என்றார். டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் 1909-இல் அதன் தலையை நறுக்கி 'ஜீன்' ஆக்கினார். கதை அவ்வளவுதான். அவரை விதைகளை எடைபோட்டு ஆராய்ந்த யோஹான்சன் தம் சொல்லுக்குப் பருப்பொருள் எதையும் கற்பிக்கவில்லை. அது கணக்குக்கான ஓர் அலகு என்பதே அவர் கருத்து. அதனால் தமிழ்நாட்டு மரபணுவைவிட இலங்கைப் பாடநூல்களின் 'பரம்பரை அலகு' அவர் மனத்துக்கு நெருக்கமானது. அணு என்றதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள், துகளுக்கு ஒரு குணம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஜெனிடிக்ஸுக்கு இலங்கையார் வைத்த 'பிறப்புரிமையியல்' மட்டும் பாகப்பிரிவினை வழக்கை நினைவூட்டுகிறது.

துகளுக்கு ஒரு குணம் என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்குப் பம்பாயிலேயே சான்று இருக்கிறது. 1952-இல் பேண்டே முதலிய மருத்துவர்கள் ஒரு விசித்திர ரத்த வகையை அறிவித்தார்கள். வழக்கமான சோதனையில் அது 'ஓ' வகையாகவே தெரியும். ஆனால் சாதாரண ஓ ரத்தத்தை ஏற்றினால் உடல் எதிர்த்து நிற்கும். ஏ, பி குணங்கள் ரத்த அணுவின் மேல் உருவாக 'எச்' என்றொரு அடித்தளப் பொருள் வேண்டும். அதை ஆக்கும் மரபணு இரு பக்கமும் பழுதானால், ஏ மரபணு நல்ல நிலையில் இருந்தும் ஏ குணம் வெளிப்படாது. வெளிப்படாத அந்த மரபணு பிள்ளைக்குப் போய், அங்கே வெளிப்படவும் கூடும். தாயும் தகப்பனும் ஓ, பிள்ளை மட்டும் ஏ. பாடப்புத்தகக் கட்டத்தை மட்டும் நம்பிய எத்தனை வீடுகளில் வீண் சந்தேகம் எழுந்திருக்கும்!

உயரம் இதைவிடச் சிக்கல். சுமார் 54 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளை வைத்து 2022-இல் வந்த ஆய்வு, உயரத்தோடு தொடர்புடைய 12,000-க்கு மேற்பட்ட மாறுபாடுகளைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் சொற்பம். போதாக்குறைக்குச் சோறும் சிறுவயது நோயும் உண்டு. 'உயர மரபணு கண்டுபிடிப்பு' என்று தலைப்பிடும் நாளிதழ்கள் பன்னீராயிரத்தில் எதைச் சொல்கின்றனவோ!

வழக்கம் என்ற பழைய மரபும் உடம்பில் இறங்கும் புதிய மரபும் சந்திக்கும் இடமும் ஒன்று உண்டு. பிரியா மூர்ஜானி, குமாரசாமி தங்கராஜ் முதலியோரின் 2013 ஆய்வுப்படி, இந்தியாவில் வெவ்வேறு மூதாதையர் வழியினர் ஏறத்தாழ 4,200 ஆண்டுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுக்கு முன்வரை பரவலாகக் கலந்தார்கள். அதன் பிறகு அகமணம் இறுகியது. யாரோடு மணம், யாரோடு இல்லை என்ற வழக்கம் மரபணுவில் தடம் பதித்துவிட்டது. ஆந்திரத்து வைசியரில் சிலருக்கு அறுவை சிகிச்சையில் தரும் தசைதளர்த்தும் மருந்து ஒன்று எளிதில் தெளியாமல் மூச்சுத் திணறல் தருவது இதன் விளைவுகளில் ஒன்று. ஒரு சிறு மூதாதையர் கூட்டத்தின் நொதிக் குறை, வெளியே மருவாமல் உள்ளேயே சுழன்றதால் பெருகியது. மருவியது, மருவாதது இரண்டும் சேர்ந்தே மரபு. மரம் என்போரின் விளக்கத்தில் இதற்கு இடமே கிடையாது.

மருவு என்பதன் உகரம் அகரமானதற்கு விதி காட்டு என்பார்கள். திரிபுக்கே மரூஉ என்று பெயர் வைத்துக்கொண்ட மொழியில் மருவு மரபாக மருவியதற்குத் தனி விதி எதற்கு? மரத்திலிருந்து வந்தது என்போர் 'பு' எங்கிருந்து முளைத்தது, மரத்துக்கும் விளிமரபுக்கும் என்ன உறவு என்று காட்டட்டும். அதுவரை மரபு மருவின் பிள்ளைதான்.