ராகுவும் பூமியின் நிழலும்: பிரம்மகுப்தரைப் பற்றிய அல்பிரூனியின் தீர்ப்பு குறித்து ஒரு மறு ஆராய்ச்சி

கி.பி. 1030-ஐ ஒட்டி அரபு மொழியில் இந்தியாவைப் பற்றிய பெருநூலை எழுதிய அல்பிரூனி, கிரகணங்களைக் கூறும் அத்தியாயத்தில் பிரம்மகுப்தர் மீது சுமத்திய குற்றம், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக எவராலும் முறையாக விசாரிக்கப்படாமலே தீர்ப்பாக நிலைபெற்றுவிட்டது. எடுவர்டு சாகௌ 1888-இல் அந்நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட பிறகு, பாரத தேசத்தில் சாஸ்திரமும் சமயநம்பிக்கையும் ஒத்துப்போயினவா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பையே சாட்சியாக அழைப்பது வழக்கமாயிற்று. அது சாட்சியமன்று, ஒரு பேரறிஞரின் ஊகமே என்பதும், அந்த ஊகத்துக்கு மாறாகச் சொல்லத்தக்கவை அதற்கு ஆதரவானவற்றைக் காட்டிலும் மிகுதி என்பதும் என் கட்சி.

குற்றச்சாட்டு இது. பிரம்மகுப்தர் சக வருஷம் 550-இல், அதாவது கி.பி. 628-இல், ராஜஸ்தானத்துப் பில்லமாலத்தில், தமது முப்பதாம் பிராயத்தில் இயற்றிய பிராஹ்மஸ்புட சித்தாந்தத்தின் இருபத்தோராம் அத்தியாயமாகிய கோலாத்தியாயத்தில், கிரகணத்துக்குக் காரணம் ராகு அல்லன் என்று ஆரியபடர், வராகமிகிரர், ஸ்ரீஷேணர், விஷ்ணுசந்திரர் ஆகியோர் கூறுவது உலக வழக்குக்கும் வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் சம்ஹிதைக்கும் விரோதம் என்று கண்டிக்கிறார். ராகு இல்லையென்றால் கிரகண காலத்தில் செய்யும் ஸ்நானமும் பூஜையும் பயனற்றுப் போய்விடுமே என்றும் வினவுகிறார். இதைப் படித்த அல்பிரூனிக்குச் சினம் மூண்டுவிடுகிறது. அவர்கள் பாஷண்டிகள் என்றால், சூரிய கிரகணத்தை விளக்கச் சந்திர பிம்பத்தின் விட்டத்தையும், சந்திர கிரகணத்தை விளக்கப் பூமி நிழலின் விட்டத்தையும் நீர் கணிப்பது ஏன்? உமக்கு உகந்தவர்களின் கொள்கைப்படி கணிக்காமல், நீர் பழிப்பவர்களின் கொள்கைப்படியே இரு கிரகணங்களையும் கணிப்பது ஏன்? எதிரில் நிற்பவரைக் கேட்பதுபோல் இவ்வாறு கேட்டுவிட்டு, இவ்வளவு கூர்மதி படைத்தவர் மனச்சாட்சிக்கு மாறாகப் பேசியதற்கு, சாக்ரடீஸுக்கு நேர்ந்ததைப் போன்ற ஏதோ ஆபத்து அவரையும் நெருக்கியிருக்கவேண்டும் என்று அவரே ஒரு சமாதானமும் கற்பித்துக்கொள்கிறார். கேள்வி அசைக்க முடியாதது. சமாதானம் ஆதாரமற்றது. பின்னால் வந்தோர் கேள்வியை மறந்து சமாதானத்தைப் பற்றிக்கொண்டனர் என்பதுதான் வேடிக்கை.

அஞ்சியிருந்தால் யாருக்கு அஞ்சினார்? கி.பி. 499-இல் ஆரியபடர் சந்திரன் சூரியனை மறைப்பதையும் பூமியின் பெருநிழல் சந்திரனை மறைப்பதையும் ஒரே செய்யுளில் ராகுவின் பேச்சே இன்றிக் கூறினார். அவருக்குப் பின் வந்த வராகமிகிரரோ பிருஹத் சம்ஹிதையில் ராகுவுக்கென்றே ஓர் அத்தியாயம் வகுத்து, அதனுள்ளேயே ராகுவாதத்தைத் தகர்த்தார். கிழக்கு நோக்கி நகரும் சந்திரன் நிழலுக்குள் நுழைவதால் சந்திர கிரகணம் கிழக்குப் புறத்தில் தொடங்குகிறது. அதே சந்திரன் சூரியனை மேற்கிலிருந்து எட்டிப் பிடிப்பதால் சூரிய கிரகணம் மேற்குப் புறத்தில் தொடங்குகிறது. விழுங்குபவன் ஒருவனே என்றால் இந்த வேறுபாடு ஏன்? நிழல் பெரிதாதலால் சந்திர கிரகணத்தில் எஞ்சும் பிறையின் முனைகள் மழுங்கித் தோன்றுவதும், சூரிய கிரகணத்தில் அவை கூர்மையாயிருப்பதும் இந்த வாதத்துக்குத் துணை. இவ்வளவும் சொன்னவர்கள் எவரும் தண்டிக்கப்பட்டதாக ஒரு குறிப்பும் கிட்டவில்லை. தண்டனையே இல்லாத இடத்தில் முப்பது வயது இளைஞர் ஒருவர் நஞ்சுக் கிண்ணத்தை எண்ணி நடுங்கினார் என்பது, கிரேக்க நாட்டுக் கதையை ராஜஸ்தானத்தின் மீது போர்த்துவதாகும்.

தவிரவும், அல்பிரூனி எடுத்துக்கொண்டு வாதிடும் கண்டனப் பகுதியோடு பிரம்மகுப்தரின் பேச்சு முடிந்துவிடவில்லை. அதன் இறுதியில், பிரமனிடம் பெற்ற வரத்தினால் ராகு பூமியின் நிழலுக்குள் புகுந்து சந்திரனை மறைக்கிறான் என்னும் பொருள்பட ஒரு சமன்வயம் செய்து முடிக்கிறார். வராகமிகிரரிடமும் வரம் உண்டு. ஆனால் அங்கே ராகு கிரகண காலத்தில் கொடுக்கப்படும் ஹோமத்திலும் தானத்திலும் பங்கு பெறுவதற்காக அருகே வந்து நிற்பவன் மாத்திரமே, மறைப்பவன் அல்லன். பிரம்மகுப்தரிடம் அவன் நிழலினுள்ளே குடியேறிவிடுகிறான். 1150-இல் சித்தாந்த சிரோமணி இயற்றிய பாஸ்கரர், கோலத்தை மட்டும் கற்றுக்கொண்டு ராகுவை மறுப்போரை வேத புராண சம்ஹிதைகளுக்குப் புறம்பானவர்கள் என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இருள்மயமான ராகு நிழலிலும் சந்திரனிலும் புகுந்து மறைக்கிறான் என்ற இதே முடிவை, எல்லா ஆகமங்களுக்கும் இது அவிரோதம் என்ற பிரகடனத்தோடு முடிக்கிறார். அருகே நின்றவன் உள்ளே புகுந்து, கடைசியில் இருளே தன் உருவமாகிவிட்ட வரலாறு இது. ஒளிந்துகொள்ள விரும்புகிறவன் இவ்வளவு நுட்பமாகத் தளம் மாற்றிக்கொண்டிருக்க மாட்டான்.

இந்தச் சமன்வயம் வெறும் ஏட்டு ஜாலமன்று என்பதற்கு நான் பெரிதும் மதிக்கும் சான்று ஒரு கல்லில் இருக்கிறது. கான்தேசத்தில் சாளீஸ்காவுக்கு அருகிலுள்ள பாடண் என்னும் ஊரில், பாழடைந்த பவானி கோயிலில் கிடைத்த அச்சாசனம் பெரும்பாலும் வடமொழியிலும், முடிவில் சில வரிகள் பழைய மராத்தியிலும் அமைந்தது. யாதவ மன்னன் சிங்கணனின் ஆஸ்தான ஜோதிடராயிருந்த சாங்கதேவர், தம் பாட்டனார் பாஸ்கரரின் சித்தாந்த சிரோமணி முதலிய நூல்களைப் போதிப்பதற்கென்றே ஒரு மடம் நிறுவினார். அம்மடத்துக்கு நிகும்ப குலச் சிற்றரசன் சோயிதேவன் சகல ஜனங்களின் முன்னிலையில், ஆவணிப் பௌர்ணமியன்று, சந்திர கிரகண சமயத்தில், தாரை வார்த்துத் தானம் கொடுத்தான். மடத்தில் சொல்லிக்கொடுப்பதோ பூமியின் நிழல் சந்திரனை மறைக்கிறது என்ற கணிதம். அதற்கு நிலைபேறு தந்ததோ, அந்த நிழல் விழும் நேரத்தில் கொடுத்தால் புண்ணியம் பன்மடங்கு என்ற நம்பிக்கை! தானம் கொடுக்க வந்தவனுக்குக் கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று சொல்லக்கூடியவர் அம்மடத்தாரைத் தவிர வேறு யார்? ஸ்பரிச காலமும் மோக்ஷ காலமும் முன்கூட்டித் தெரியாவிட்டால் ஸ்நானமும் இல்லை, தானமும் இல்லை. ஆகவே கணிதத்தை வேண்டி நின்றது நம்பிக்கைதான். நம் பக்கத்துச் செப்பேடுகளிலும் கிரகண தானங்கள் உண்டு. அவற்றின் காலத்தை எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை போன்றோர் கணக்கிட்டு நிச்சயிக்க முடிந்ததும் இந்த வழக்கத்தின் தயவாலேயே.

அந்தச் சாசனத்தின் காலத்தில் ஒரு முடிச்சு உண்டு. சக எண் 1128 என்றும், வருஷப் பெயர் பிரபவ என்றும் வெட்டப்பட்டிருக்கின்றன. பிரபவ வருஷம் 1207-இல் தொடங்குவது. சக 1128 என்பதோ, நாம் எண்ணும் முறைப்படி, அதற்கு ஓராண்டு முந்தி நிற்கும். பெயரை நம்பினால் தேதி 1207 ஆகஸ்டு 9. அன்று சந்திரன் முழுமதியாகவும் ராகு-கேதுப் புள்ளியை ஒட்டியும் நின்றதைக் கணக்கு காட்டுகிறது. நான் பெயரின் பக்கமே சாய்கிறேன். எண் பிழைபட்டது எவ்வாறு என்பதை நிரூபிக்க என்னிடம் பிரமாணம் இல்லை.

இதைவிடப் பெரிய முடிச்சு லல்லர் என்னும் வானசாஸ்திரியைப் பற்றியது. மாயையால் ஓர் அசுரன் விழுங்குகிறான் என்றால் அதைக் கணக்கிட்டு முன்னறிவது எங்ஙனம், அமாவாசையும் பௌர்ணமியும் அல்லாத நாளில் அவன் ஏன் விழுங்குவதில்லை என்று சமரசத்துக்கு இடமே கொடாமல் கேட்டவர் அவர். அவரை எட்டாம் நூற்றாண்டினர் என்பாரும், பத்தாம் நூற்றாண்டினர் என்பாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் அவர் பிரம்மகுப்தருக்குப் பின்னவர், பாஸ்கரருக்கு முன்னவர். ஆகையால் பிரம்மகுப்தரின் சமன்வயம் தோன்றிய பிறகும் மறுப்பு அடங்கவில்லை, மறுத்தவரின் நூல் வாழாமற் போகவும் இல்லை. பாஸ்கரரின் அந்தக் கோலப் பண்டிதர்களுள் லல்லரும் சேர்ந்தவரோ என்று ஐயுறலாம். அதற்கு மேல் போக எனக்குத் துணிவில்லை.

பாடண் சாசனம் பிரம்மகுப்தருக்கு ஐந்தரை நூற்றாண்டுகளுக்குப் பிந்தியது. அதைக்கொண்டு அவருடைய மனத்தை அளப்பது எப்படி என்று ஆக்ஷேபிக்கலாம். நியாயமான ஆக்ஷேபமே. அவரது மனத்துக்கு நேரான சாட்சி அவருடைய நூல்களைத் தவிர வேறில்லை. அவற்றுள், முதுமையில், 665-இல், எழுதிய கண்டகாத்யகம் ஆரியபடரின் முடிவுகளுக்கு ஒத்த பலன்களைத் தருவதாகவே தொடங்குகிறது. இளமையில் எவரைப் பெயர் சொல்லிக் கண்டித்தாரோ அவருடைய கணிதத்துக்கு முதுமையில் வெளிப்படையாக இடம் கொடுத்தவரை, பிறர் சொல்லுக்கு அஞ்சி உண்மையை மறைத்தவர் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

ஆயினும் அல்பிரூனியின் கேள்விக்கு, அவரது சமாதானத்தை நீக்கிவிட்டுப் பார்த்தாலும், பிரம்மகுப்தரிடம் முழுவிடை இல்லை. வரத்தைக் கூறும் அந்தச் செய்யுளை நூலிலிருந்து எடுத்துவிட்டால் கிரகண கணிதத்தில் ஒரு விநாடிகூட மாறுவதில்லை. நிழலின் விட்டத்தை எடுத்துவிட்டாலோ கணிதமே நின்றுபோகும். எனவே இங்கே நிகழ்ந்தது இரண்டும் ஒன்றே என்ற நிரூபணமன்று; இரண்டும் ஒரே ஊரில் வாழ்வதற்குச் செய்துகொண்ட உடன்படிக்கை. அதைக் கபடம் என்று அல்பிரூனி சொன்னது பிழை. அதை விஞ்ஞான விளக்கம் என்று இன்று சிலர் கொண்டாடுவது அதனினும் பெரிய பிழை.

பிரம்மகுப்தரை அல்பிரூனி வாயிலாக மட்டும் அறிந்தோர், 1902-இல் காசியில் சுதாகர துவிவேதி பதிப்பித்த மூலத்தின் கோலாத்தியாயத்தைக் கண்டனப் பகுதியோடு நிறுத்திவிடாமல் வரத்தைக் கூறும் செய்யுள் வரை படித்துப் பார்க்கவேண்டுமென்பது என் வேண்டுகோள்.